புல் முளைக்காத கல்லறைத் தோட்டம்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் முளைக்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மழை பெய்து சுற்றிலும் காடெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும்போதும் எங்கள் தோட்டம் மட்டும் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வெறுமையாக இருக்கும். நவம்பரில் கல்லறைத் திருநாள் வருமுன் மற்ற ஊர்க்காரர்கள் அரிவாளும் மண்வெட்டியுமாகப் போய்ப் புதர் வெட்டுவார்கள். எங்களுக்கு அந்த வேலை இல்லை. மெழுகுவர்த்தியும் மாலையும் வாங்கிக்கொண்டு நேராகப் போய் நிற்போம்.

இதில் ஊருக்கே ஒரு பெருமை இருந்தது. அதிகப் பெருமை கோயில்பிள்ளைக்கு. கோயிலில் மணியடிப்பதும் பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பதும் அவர் வேலை. கல்லறைத் தோட்டத்துச் சாவியும் அவர் மடியில்தான் இருக்கும்.

"மத்த ஊருல போய்ப் பாரு. செத்தவுக தலைமாட்டுல எருக்கும் கருவேலும் நிக்கும். நம்மது சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச எடம்லே. மண்ணு அம்புட்டு சுத்தம்" என்பார்.

நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் தேவதானத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஒரு காலத்தில் சிறிய செம்புச் சுரங்கம் ஓடியது. அதில் வேலை செய்ய வந்தவர்கள்தான் இங்கே குடிசை போட்டுக் கோயில் கட்டி ஊராக்கினார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூடிவிட்டார்கள் என்று சொல்வது சரியில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குழி திறந்தே கிடந்தது. அதில் தேங்கிய தண்ணீர் பார்க்க அழகான பச்சை நீலமாக இருக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. பக்கத்தில் மலைக்குள் குடைந்த பாதையின் வாயிலிருந்து செங்காவி நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். குழிக்கு முன்னால், தோண்டிக் கொட்டிய கழிவுக்கல் ஒரு குன்றாக நின்றது. கல்மேடு என்போம்.

கல்மேட்டுக் கற்களில் மஞ்சளாக ஒரு மினுக்கம் உண்டு. தங்கம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெயில் படும்போது கண் அதில்தான் போய் நிற்கும். சுரங்கம் ஓடிய நாளில் குழிக்குள் ஒருவர் இறந்துபோனால், கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு மினுக்குக் கல் கொண்டுவந்து அவர் கல்லறையைச் சுற்றி வைப்பார்களாம். அது வழக்கமாகிவிட்டது. சுரங்கம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. யார் இறந்தாலும் கல் வைத்தோம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஒன்று கூட்டி வைத்தோம். பெரிய கல்லாகப் பார்த்துத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். நடக்கும் பாதையில் பொடிக்கல்லைக் கொட்டிப் பரப்பினோம். தோட்டத்தின் கீழ்மூலையில் இருந்த கிணற்றுக்கும் உள்ளே அதே கல்தான் கட்டு.

என் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறாள்.

ஒரே பெண். ஏழு வயது. அந்த மழைக்காலத்தில் ஊரில் பாதி வீடுகளில் காய்ச்சல் இருந்தது. இவளுக்கும் அதுதான் என்று என் மனைவி கசாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைக்குக் கண் செருக ஆரம்பித்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே என்னென்னவோ செய்தார்கள். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மா" என்று ஒரு நர்சம்மா என் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் மனம் கேட்காமல் சொன்னது. என் மனைவிக்குள் அது முள்ளாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமே போகவில்லை. துணி எடுப்பதானாலும் மருந்து வாங்குவதானாலும் ராஜபாளையம்தான்.

எங்கள் வீட்டு வாசலில் பழைய பெயிண்ட் டப்பாவில் பட்டுரோஸ் நிற்கும். பிள்ளை வைத்தது. பட்டுரோஸைக் கிள்ளி எங்கே ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும், கூரை ஓட்டில் விழுந்தாலும் வேர்விடும். அதில் ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டு போய் என் மனைவி கல்லறையில் ஊன்றினாள். இலை ஓரம் மஞ்சளாகி, தண்டு வதங்கி, கருகிப்போனது. மறுபடி ஊன்றினாள். மறுபடி கருகியது. செம்பருத்தி வைத்தாள். செவ்வந்தி வைத்தாள். தோட்டத்துக் கிணற்றிலேயே இறைத்து இறைத்து ஊற்றினாள். ஊற்ற ஊற்றச் சீக்கிரம் கருகியது.

ஒருநாள் காய்ந்த குச்சியைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"நான் வச்சா வாங்க மாட்டேங்கா."

"யாரு?"

"உங்க மகதான். அவளுக்கு எம்மேல கோவம் போகல."

நான் அதிகம் பேசாதவன். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தேன். மிஷின் சத்தத்தில் அங்கே யாரும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது. அன்றைக்கு அவளுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குடத்தை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். அதற்குப் பிறகு அவள் செடி வைக்கவில்லை. கடைசியாக வைத்த செம்பருத்தியின் குச்சி மட்டும் அப்படியே நின்றது.

மில்லில் ஷிப்டைக் குறைத்து ஆட்களை நிறுத்தியபோது நானும் நின்றுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் கைவிட்ட சுரங்கத்தைச் சீர்செய்யத் திட்டம் போடுவதற்கு அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். வழி காட்டவும் முள் வெட்டவும் அளவு நாடா பிடிக்கவும் ஊரில் ஓர் ஆள் கேட்டார்கள். கோயில்பிள்ளை என்னைக் கைகாட்டிவிட்டார்.

குழுவுக்குப் பொறுப்பு ஒரு பெண் இன்ஜினியர். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். வெளியூர்க்காரர். என்னை அண்ணா என்பார். ஜீப் ஓட்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். நெற்றியில் நாமம் போட்டு, மார்கழி பிறந்துவிட்டால் திருப்பாவையை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டுவார். பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர்.

"ஏலே, வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய அந்தக் குழியில எறிஞ்சிட்டியா?" என்பார் என்னைப் பார்த்து. "மேடம், தண்ணிய எறைக்கும்போது ஒரு சாவி கெடைக்கும். எங்கிட்ட குடுத்துருங்க."

மேடம் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

திட்டம் போடுவது என்றால் தாளில் வரைவது என்று நினைத்திருந்தேன். பாதி வேலை காத்திருப்பதுதான். மழைக்குக் காத்திருந்தோம். மழை பெய்ததும் ஓடிப்போய், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டினோம். பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். மழை நின்ற பிறகு மறுபடி பிடித்தோம். ஏன் இத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே மேடம் சொல்வார்.

"இந்த மினுக்குற கல்லுல இரும்பும் கந்தகமும் இருக்குண்ணா. மலைக்குள்ள இருந்தவரைக்கும் சும்மா இருந்துச்சு. வெளிய எடுத்துப் போட்டதும் காத்தும் மழையும் பட்டுப் புளிச்சுப் போகுது. அந்தப் புளிச்ச தண்ணி கல்லுல இருக்கிற செம்பையும் கரைச்சிட்டு எறங்குது. ஓடையில மீன் இல்லாததுக்கும் கீழ வயல்ல நெல்லு பிடிக்காததுக்கும் அதுதான் காரணம்."

கல்மேட்டை அள்ளித் திரும்பவும் குழிக்குள்ளேயே போட வேண்டும். சுண்ணாம்பு கலந்து இறுக்கி, மேலே களிமண் மூட வேண்டும், காற்றும் மழையும் போகாதபடி. அதன் மேல் நல்ல மண். முதலில் புல், பிறகு மரம். குடைபாதையில் கசியும் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் பரப்பிய வாய்க்காலில் விட்டு, தொட்டியில் தேக்கி, செந்நிற மண்டி அடியில் படிந்த பிறகு ஓடைக்கு விட வேண்டும். இதுதான் அவர்கள் போட்டுக்கொண்டிருந்த திட்டம். அதில் எங்கள் கல்லறைத் தோட்டம் இல்லை.

ஒருநாள் மழை விட்டதும் ஓடைக்குக் குறுக்கு வழியாகத் தோட்டத்தை ஒட்டிப் போனோம். மேடம் கம்பிக் கதவுப் பக்கம் நின்றுவிட்டார்.

"இங்க யாருண்ணா புல்லு வெட்டுறது?"

"யாரும் வெட்டல."

"மருந்து அடிக்கிறீங்களா?"

"இல்ல மேடம். மொளைக்காது."

கோயில்பிள்ளை சொல்கிற மாதிரி மந்திரித்த இடம் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவர் குனிந்து சுவர்க்கல்லைத் தொட்டார். பாதையைப் பார்த்தார். பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில், பையிலிருந்து புளிப்பைக் காட்டும் ஒரு சின்னத் தாளை எடுத்து நனைத்தார். கல்மேட்டடியில் நனைத்தபோது எப்படிச் சிவந்ததோ அப்படியே அது சிவந்தது. டிரைவர் அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கிணத்துத் தண்ணிய யாராவது குடிக்கிறாங்களா?"

"குடிக்க மாட்டாக. ஒரு மாதிரி துவர்க்கும். செடிக்குத்தான் ஊத்துறது."

"எந்தச் செடிக்கு?"

நான் செம்பருத்திக் குச்சியைக் காட்டினேன்.

"யாரோடது?"

"எங்க பிள்ளை."

மேடம் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "கல்மேட்ட மட்டும் எடுத்தாப் பத்தாது. இதையும் திட்டத்துல சேக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கல்தான் காரணம், கிணற்றுத் தண்ணீரும் அதே கல்லில் ஊறியதுதான், பிள்ளைக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு வந்தேன். வாய் திறந்தபோது வரிசை மாறிவிட்டது.

"தோட்டத்துக் கல்ல எல்லாம் எடுக்கணுமாம்" என்றேன்.

அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"எந்தக் கல்ல?"

"எல்லாத்தையும்தான். நம்ம பிள்ளை மேல இருக்கிறதையும்."

"வருசத்துக்கு ஒண்ணா நான் தேடித் தேடிப் பொறுக்கி வச்ச கல்லு. அதையும் புடுங்கணும்னு சொல்லத்தான் அந்தம்மா உங்களக் கூட்டிட்டுத் திரியுதாகளா?"

"அப்படி இல்ல. செடி கருகுதுல்ல, அது கல்லாலதான்னு…"

"யாரு சொன்னா?"

"மேடம்."

"அவியளுக்கு என்ன தெரியும் என் பிள்ளையப் பத்தி?"

தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். பட்டுரோஸ் டப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகும் உள்ளே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முன்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பங்குக் கோயில் இருக்கும் ஊரிலிருந்து பூசை வைக்க வந்திருந்த சாமியாரும் இருந்தார். மேடம் வரைபடத்தைச் சுவரில் மாட்டி எல்லாவற்றையும் விளக்கினார். கல்மேட்டை எடுப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. கல்லறைத் தோட்டம் என்றதும் இரைச்சல் எழுந்தது. கோயில்பிள்ளை எழுந்து நின்றார்.

"செத்தவுகளத் தோண்டப் போறீகளா?"

"தோண்ட மாட்டோம் ஐயா. மேல இருக்கிற கல்லையும் சுவரையும்தான் எடுக்கணும். மண்ணுல சுண்ணாம்பு கலந்து விடணும்."

"சுத்தமா இருக்கிற எடத்துல பொறவு புல்லு மொளைக்கும். அம்புட்டுத்தான?"

"ஆமா ஐயா. புல்லு மொளைக்கணும்னுதான் எடுக்கச் சொல்றோம்."

கொட்டகையே சிரித்துவிட்டது. கோயில்பிள்ளைக்கு முகம் சிவந்துபோனது. "சிரிங்கலே, சிரிங்க. நாளைக்கு அருவாளத் தூக்கிட்டு நான்தான போகணும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஊருக்குச் சம்மதம் என்றால் தனக்குத் தடை இல்லை, கல் எடுத்த பிறகு தோட்டத்தைப் புதிதாக மந்திரித்துத் தருவேன் என்று சாமியார் சொன்னார். ஆனால் சம்மதம் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"மேடம், செடி கருகுனது அந்தக் கல்லாலதானா? வேற எதுவும் இல்லையா?"

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "அதனாலதான்னு நெனைக்கிறேன். நான் சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல. நீங்களே பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்து மண்ணை இரண்டு டப்பாக்களில் நிரப்பிக் கொடுத்தார். ஒன்றில் மண் அப்படியே இருந்தது. அதற்குத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் விட வேண்டும். இன்னொன்றில் சுண்ணாம்பும் தொழு உரமும் கலந்தது. அதற்கு வீட்டுக் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே செடியிலிருந்து கிள்ளிய பட்டுரோஸ். என் மனைவி இரண்டு டப்பாக்களையும் வாசலில், பிள்ளை வைத்த டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரையும் தொடவிடவில்லை. கிணற்றுத் தண்ணீரை அவளே போய்க் கொண்டுவந்தாள்.

முதலில் இரண்டும் வாடித்தான் நின்றன. பிறகு சுண்ணாம்பு கலந்த டப்பாவில் செடி நிமிர்ந்தது. மற்றதில் இலை ஓரம் மஞ்சளானது. அந்த மஞ்சளை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது கருகிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கேன்" என்றாள்.

"உனக்குத் தெரியாதுல்ல" என்றேன்.

"தெரியாதுதான்." டப்பாவைத் தரையில் வைத்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "ஆனா அவ வேண்டாம்னு சொல்லல. பாத்தீகளா? அவ வேண்டாம்னு சொல்லவே இல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திட்டத்தை முடிவு செய்ய ஸ்ரீவில்லிபுத்தூரில் அதிகாரிகள் கூடினார்கள். ஊர் சார்பில் சிலர் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோயில்பிள்ளை போனார், நான் போனேன். புறப்படும் நேரத்தில் என் மனைவியும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன்.

"வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

ராஜபாளையம் தாண்டும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கிக் கோபுரம் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் போனபோது கண்ணை மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. வாசலையும், அங்கே நின்ற கூட்டத்தையும், ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவதையும் பார்த்தாள். பஸ் கடந்த பிறகும் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்தில் ஓர் அதிகாரி, கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடலாமே என்றார். மக்கள் மனசு சம்பந்தப்பட்டது, தொட்டால் வம்பு, சுற்றி ஒரு சுண்ணாம்பு வாய்க்கால் மட்டும் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதும் ஒரு விதத்தில் மரியாதைதான். கெட்ட தண்ணீர் வெளியே போவதை வாய்க்கால் குறைக்கும், ஆனால் உள்ளே மண் அப்படியேதான் இருக்கும், ஒன்றும் முளைக்காது என்று மேடம் விளக்கினார். உள்ளே முளைக்காவிட்டால் என்ன என்று அந்த அதிகாரி கேட்டார்.

என் மனைவி எழுந்துவிட்டாள்.

"எங்க பிள்ளை கல்ல நாங்களே எடுத்துத் தாரோம் ஐயா. முதல்ல எங்களதுதான். பொறவு மத்தவுக பாத்துக்கிடட்டும்."

மேடம் குனிந்து தாளில் ஏதோ எழுதினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோங்கம்மா, தோட்டமும் சேத்துத்தான்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோயில்பிள்ளை எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சேத்தூர் தாண்டியதும் மடியிலிருந்து தோட்டத்துச் சாவியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

"நீயே வச்சுக்க தாயி. எங்க அப்பன் மேல இருக்கிற கல்ல நான் எடுக்குறன்னிக்கு வந்து கேக்கேன்."

வேலை தொடங்கியபோது மழைக்காலம் முடிந்திருந்தது. பெரிய இயந்திரங்கள் கல்மேட்டில் நின்றன. கல்லறைத் தோட்டத்துக்குள் இயந்திரம் வரக் கூடாது என்று ஊர் கேட்டுக்கொண்டது, அதைத் திட்டத்திலும் எழுதியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லைத் தாங்களே எடுத்தோம். என் மனைவி மண் அள்ளும் பாண்டுச் சட்டியைக் கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டுச் சட்டியில் வைத்தாள். எறியவில்லை. சிலதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது மலைத்தேன் எடுக்கப் போனீகளே, அப்பக் கொண்டாந்தது." "இது உங்க மில்லு நின்ன வருசம்." கல்லுக்கு அடியில் மண் துருப்பிடித்த மாதிரி செந்நிறமாக இருந்தது. கல்லின் உருவம் அதில் பதிந்திருந்தது.

ஒரு கல்லையாவது வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வைத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கல்லை டிராக்டர் பெட்டியில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் அண்ணாச்சி கூடவே நின்றுகொண்டிருந்தார். அன்று ஒரு கேலியும் செய்யவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களோடு சட்டி சுமந்தார்.

கோயில்பிள்ளை மறுநாள் வந்து சாவி கேட்டார். அவருக்குப் பின்னால் ஊரே வந்தது.

மண்ணில் சுண்ணாம்பு கலந்தார்கள். கிணற்றின் கல்கட்டைப் பிரித்துவிட்டு சிமெண்ட் உறை இறக்கினார்கள். கல்லறைகளைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அடுக்கினோம். அது மண்ணுக்கும் நல்லது என்று மேடம் சொன்னார். "மினுக்கமே இல்லையே" என்று சில பேர் குறைப்பட்டார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மேடம் ஊரைவிட்டுப் போகும் முன் என் மனைவியிடம், "கட்டாயம் மொளைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. மண்ணு ஆறணும், நாளாகும்" என்றார். "ஆறட்டும்" என்றாள் இவள்.

அடுத்த மழைக்கு முதலில் முளைத்தது கோரை. சுவர் இருந்த இடத்தோரம் ஊசி ஊசியாக வந்தது. பிறகு நெருஞ்சி. ஊரில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கோயில்பிள்ளை ராஜபாளையம் போய்ப் புதிதாக ஓர் அரிவாள் வாங்கிவந்தார். திருநாளுக்கு முந்தின நாள் புல்லறுக்கக் குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "எங்கலே அந்த மேடம்? வந்து அறுக்கச் சொல்லு" என்று கத்தினார்.

என் மனைவி பட்டுரோஸைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையின் மேல் ஊன்றினாள். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனாள். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். அவள் நடந்துவருகிற விதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். செடி பிடித்துக்கொண்டது. இரண்டு பூவும் பூத்தது.

பிறகு ஒருநாள் காலையில் அவள் வழக்கத்துக்கு மாறாக வேகமாக வந்தாள். மூச்சு வாங்கியது. வாசலில் நின்றுகொண்டே கூப்பிட்டாள்.

"என்னங்க, செடியக் காணும்."

எழுந்து ஓடி வந்தேன்.

"கருகிருச்சா?"

"கருகல. ஆடு கடிச்சிருக்கு. வேரு வரைக்கும் தின்னுருக்கு. சுத்தி ஒரே காலடி. புழுக்கை வேற போட்டுட்டுப் போயிருக்கு." அவளுக்குக் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "ஆடு வந்து திங்கிற செடிங்க! அங்க, அவ மேல!"

நான் வாசலிலேயே நின்றேன். அவள் டப்பா பக்கம் குனிந்து இன்னொரு கிளையைக் கிள்ள ஆரம்பித்தாள்.

"நிக்காதீக. போய் முள்ளு வெட்டியாங்க. வேலி போடணும்" என்றாள்.

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன்.